கும்மி ஆசிரியர் (கொங்கு நாடு)

கும்மி ஆசிரியர் என்பவர் கொங்கு நாட்டு ஊர்களில் வள்ளிக் கும்மி, ஒயில் கும்மி, ஒயிலாட்டம் முதலிய குழு ஆட்டங்களைப் பொதுமக்களுக்குக் கற்றுக்கொடுத்து, தாமே முன்னின்று பாடி அரங்கேற்றி வைக்கும் கலைஞர் ஆவார். பேச்சு வழக்கில் இவர் வாத்தியார் என்றே அழைக்கப்படுகிறார். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்குப் பகுதியில் இம்மரபு காணப்படுகிறது. ஆடுவோர் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். உழவர், நெசவாளர், மாணவர், இல்லத்தரசியர் போன்றோரே ஆவர். எனவே ஓர் ஊரில் இவ்வாட்டம் நிகழ்வது, அங்கு ஓர் ஆசிரியரும் தாளக் கருவி இசைப்போரும் கிடைப்பதைப் பொறுத்தே அமைகிறது.

பெயரும் மரபும்

கும்மி என்பது வட்டமாக நின்று கை கொட்டிப் பாடி ஆடும் ஆட்டமாகும். ஒயில் என்னும் சொல்லுக்கு அழகு, ஒய்யாரம் என்று பொருள். ஒயிலாட்டத்தில் ஆடுவோர் வரிசையாக நின்று, காலில் சலங்கையும் கையில் வண்ணத் துணியும் கொண்டு ஒரே சீராக அடியெடுத்து வைப்பர். கும்மியின் கை கொட்டலும் ஒயிலாட்டத்தின் அடிகளும் கலந்த வடிவம் ஒயில் கும்மி எனப்படுகிறது.

ஆட்டத்திற்கும் இசைக்கும் தனித்தனி ஆசிரியர் இருப்பது தமிழில் பழைய வழக்கமாகும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் அரங்கேற்றத்தை ஒட்டி ஆடல் ஆசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டிய தகுதிகளைக் கூறுகிறது. அதே காப்பியத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு ஆயர் மகளிர் ஏழு இசைகளின் பெயரைப் பெற்று வட்டமாகக் கைகோத்து ஆடுகின்றனர். முன்னது பல ஆண்டுப் பயிற்சி பெற்ற ஒருத்தியின் அரங்கக் கலை. பின்னது ஊரார் கூடி ஆடும் கலை. கும்மி ஆசிரியர் இவற்றுள் இரண்டாம் வகைக்கு உரியவர். ஆயினும் ஆடல், இசை, பாடல் ஆகிய மூன்று ஆசிரியர்களின் பணிகளையும் இவர் ஒருவரே செய்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

கதைப்பொருள்

வள்ளிக் கும்மியின் பொருள் வள்ளி, முருகன் திருமணக் கதையாகும். கச்சியப்ப சிவாச்சாரியார் இயற்றிய கந்த புராணத்தில் தட்ச காண்டத்தின் இறுதியில் இக்கதை இடம்பெறுகிறது. வள்ளி வேடர் குடியில் வளர்தல், தினைப்புனம் காத்தல், கவண் வீசிப் பறவைகளை ஓட்டுதல், முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வருதல், விநாயகர் யானை உருவில் தோன்றுதல், திருமணம் ஆகியவை கதையின் முக்கியக் கட்டங்களாகும். வள்ளியைக் குறித்த கூத்து மிகப் பழமையானது. தொல்காப்பியத்தில் வரும் வாடா வள்ளி என்னும் தொடருக்கு உரையாசிரியர்கள் வள்ளிக்கூத்து என்று பொருள் கொண்டுள்ளனர்.

கொங்குப் பகுதியில் முருகனுக்குப் பழனி, சென்னிமலை, மருதமலை, திருச்செங்கோடு, கபிலர்மலை எனப் பல மலைக்கோயில்கள் உள்ளன. தினைப்புனக் காவலும் பறவை ஓட்டுதலும் உழவர்களுக்குப் பழக்கமானவை. இக்காரணங்களால் கதையைத் தனியே விளக்க வேண்டிய தேவை ஆசிரியருக்கு ஏற்படுவதில்லை. ஆடுவோரும் பார்ப்போரும் கதையை முன்பே அறிந்திருப்பர்.

பயிற்சி முறை

ஊரார் அல்லது கோயில் நிருவாகத்தினர் ஆசிரியரை அழைப்பதுடன் பயிற்சி தொடங்குகிறது. வேலை முடிந்த பின் மாலையிலோ இரவிலோ கோயில் திடல், பள்ளி மைதானம், களத்துமேடு போன்ற இடங்களில் பயிற்சி நடைபெறும். இது சில வாரங்கள் முதல் இரண்டு மாதங்கள் வரை நீடிக்கலாம்.

பயிற்சியின் படிநிலைகள் பொதுவாகப் பின்வருமாறு அமைகின்றன:

1. பாட்டில்லாமல் கால் அடிகளை மட்டும் எண்ணிக்கைக்கு ஏற்பப் பழகுதல்.
2. கால் அடியுடன் கை கொட்டுதலைச் சேர்த்தல்.
3. முன்னும் பின்னும் நகர்தல், திரும்புதல், குனிந்து நிமிர்தல் ஆகியவற்றைச் சேர்த்தல்.
4. ஆசிரியர் பாடும் அடியைத் திருப்பிப் பாடிக்கொண்டே ஆடுதல்.
5. தாளக் கருவியுடன் முழுப் பாடலையும் ஆடுதல்.

நான்காம் நிலையே கடினமானது. ஆடும்போது பாடினால் மூச்சு வாங்கும். பாட்டில் கவனம் சென்றால் கால் தவறும். இதனால் முதலில் ஆசிரியர் ஓர் அடியைப் பாடுகிறார்; அவர் பாடும்போது ஆடுவோர் கேட்டுக்கொண்டே ஆடுகின்றனர். அடுத்து அவர்கள் அதனைத் திருப்பிப் பாடுகின்றனர். இம்முறையினால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் நீண்ட கதைப்பாடலைக் கற்றுக்கொள்ள முடிகிறது.

பயிற்சிக்கு வருவோரிடையே சிறுவர் முதல் முதியோர் வரை பல வயதினர் இருப்பர். விரைவில் கற்றவர்களை வரிசையில் இடைவெளி விட்டு நிறுத்துவது ஆசிரியர்கள் கையாளும் உத்தியாகும். புதியவர் தம் அருகில் இருப்பவரைப் பார்த்து அடியைச் சரிசெய்துகொள்வார்.

பாட்டும் தாளமும்

கும்மிப் பாடல்கள் சிந்து வகையைச் சேர்ந்தவை; பெரும்பாலும் மும்மை நடையில் அமைபவை. அதாவது ஒவ்வொரு தாள இடமும் மூன்று சிறு அலகுகளாகப் பிரியும். ஓர் அடியில் பொதுவாக ஏழு சீர்களும் எட்டுத் தாள இடங்களும் இருக்கும். எட்டாவது இடத்தில் சொல் இல்லை. இறுதி ஓசையின் நீட்டமோ ஓய்வோ அதனை நிரப்பும். பாரதியாரின் பெண்கள் விடுதலைக் கும்மி இவ்வமைப்புக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

ஆட்டத்தில் இந்த எட்டாவது இடம் பயன்மிக்கது. ஆடுவோர் மூச்சு எடுக்கவும், திரும்பவும், அடுத்த அடிக்கு ஆயத்தமாகவும் இவ்விடைவெளி உதவுகிறது. அனுபவம் மிக்க ஆசிரியர் ஆடுவோர் களைத்துள்ளதைக் கண்டால் நீட்டத்தைச் சற்று வளர்த்துவார். வேகம் கூட்ட விரும்பினால் அதனைச் சுருக்குவார். ஆட்டத்தை மாற்றுவதற்கான குறிப்பையும் பாட்டின் வழியாகவே கொடுப்பார். சில குழுக்களில் இதற்கு விசிலும் பயன்படுத்தப்படுகிறது.

ஆசிரியர்கள் தம் பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதி வைப்பது வழக்கம். அவற்றில் சொற்கள் மட்டுமே இருக்கும். மெட்டும் அடிவைப்பும் எழுதப்படுவதில்லை. எனவே குறிப்பேடு மட்டும் எஞ்சினால் ஆட்டத்தை அதிலிருந்து மீட்டெடுக்க இயலாது.

இசைக் கலைஞர்கள்

கும்மிக்குக் கை கொட்டே அடிப்படைத் தாளம் என்றாலும், திறந்த வெளியில் பலர் ஆடும்போது தோல் கருவிகளும் ஜால்ராவும் தேவைப்படுகின்றன. ஊருக்கும் குழுவுக்கும் ஏற்பக் கருவிகள் மாறும். கொங்குப் பகுதியின் திருவிழா ஆட்டங்களில் பின்வரும் கருவிகள் வழங்குகின்றன:

பறை: வட்டச் சட்டத்தில் தோல் போர்த்திய கருவி. நீண்ட மெல்லிய சிண்டுக் குச்சியாலும் குறுகிய அடிக் குச்சியாலும் இசைக்கப்படும். தோல் தளர்ந்தால் தீயில் காய்ச்சி விறைப்பேற்றுவர்.
பம்பை: ஒன்றோடொன்று கட்டப்பட்ட இரண்டு உருளை வடிவ முழவுகள்.
உறுமி: ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசி ஒலி எழுப்பும் கருவி.
தவில், உடுக்கை, நாதசுரம் ஆகியவையும் இடத்திற்கேற்பச் சேர்க்கப்படுகின்றன.

ஆசிரியரும் முழவு இசைப்பவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்பது வழக்கம். ஆடுவோர் பலராக இருக்கும்போது பின்வரிசைக்குப் பாட்டுச் சொற்கள் தெளிவாகக் கேட்காது. அவர்கள் முழவொலியையே பின்பற்றுவர். ஆகவே ஆசிரியர் நினைக்கும் வேகத்தை ஆடுவோரின் கால்களுக்குக் கொண்டு சேர்ப்பவர் முழவு இசைப்பவரே ஆவார்.

எனினும் இவ்விரு தரப்பினருக்கும் ஊரில் கிடைத்த மதிப்பு ஒன்றாக இருந்ததில்லை. ஆசிரியர் சால்வை அணிவித்துச் சிறப்பிக்கப்படுவார். பறை இசைப்போர் பட்டியல் சாதியினராக இருந்தமையால், சாவுச் சடங்கில் பறை அடிப்பது அவர்கள்மீது கட்டாயப் பணியாகச் சுமத்தப்பட்டது. கருவியும் இழிவாகக் கருதப்பட்டது. இந்நிலையை எதிர்த்து எழுந்த முயற்சிகளால் 20ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் பறை மேடைக் கலையாகவும் விடுதலையின் அடையாளமாகவும் மாறியுள்ளது. திண்டுக்கல்லில் இயங்கும் சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்களுக்குப் பறையாட்டம் பயிற்றுவித்ததும், மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசான் 2025ஆம் ஆண்டு பத்மசிறீ விருது பெற்றதும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

அரங்கேற்றம்

பயிற்சியின் நிறைவாக அரங்கேற்றம் நடைபெறும். ஆடுவோர் ஒரே நிற உடை அணிந்து, சலங்கைக்குப் பூசை செய்து கட்டிக்கொள்வர். கடவுள் வாழ்த்தில் தொடங்கிக் கதை முழுவதும் ஆடப்பட்டு, வள்ளி திருமணத்துடன் நிறைவுறும். ஊரார் ஆசிரியருக்கும் இசைக் கலைஞர்களுக்கும் பொன்னாடையும் அன்பளிப்பும் வழங்குவர். அதன்பின் ஆசிரியர் வேறு ஊருக்குச் சென்றுவிடுவார். கற்றவர்கள் திருவிழாக்களில் தொடர்ந்து ஆடுவர்.

ராசிபுரம் வட்டாரம்

ராசிபுரம் நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ள நகரமாகும். 1997ஆம் ஆண்டு சனவரி 1 அன்று நாமக்கல் மாவட்டம் செயற்படத் தொடங்கும் வரை இது சேலம் மாவட்டத்தில் இருந்தது. இங்குள்ள நித்திய சுமங்கலி மாரியம்மன் கோயிலின் ஐப்பசித் திருவிழா புகழ்பெற்றது. கொங்கு நாட்டு மாரியம்மன் கோயில்களில் அம்மனின் கணவனாகக் கருதப்படும் கம்பம் திருவிழாவின்போது நடப்பட்டு, விழா முடிவில் பிடுங்கப்படும். ராசிபுரத்தில் கம்பம் ஆண்டு முழுவதும் நிலைத்திருக்கிறது. அம்மன் நித்திய சுமங்கலி எனப் பெயர் பெற்றதற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது.

கம்பம் நடப்பட்ட ஊர்களில் இரவுதோறும் இளைஞர்கள் முழவொலிக்கு ஏற்ப அதனைச் சுற்றி ஆடுவது கொங்குப் பகுதியின் வழக்கமாகும். இவ்வாறு கம்பத்தைச் சுற்றி ஆடிப் பழகியவர்களுக்கு வட்டத்தில் நகர்தலும் தாளத்திற்கு அடிவைத்தலும் முன்பே கைவந்திருக்கும். கும்மியும் ஒயிலும் கற்பிக்கும் ஆசிரியருக்கு இது பெருந்துணையாகும்.

பெண்களின் பங்கேற்பு

பெண்கள் தமக்குள் கூடிக் கும்மியடிப்பது தமிழகமெங்கும் உள்ள வழக்கம் எனினும், மேடையில் ஆடப்பட்ட வள்ளி ஒயில் கும்மி நெடுங்காலம் ஆண்களின் கலையாகவே இருந்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த கும்மி ஆசிரியர் பத்ரப்பன் இம்மரபை விலக்கிப் பெண்களுக்கும் பயிற்சி அளித்தார். தம் நிகழ்ச்சிகளில் சமூகக் கருத்துகளையும் வரலாற்றுச் செய்திகளையும் பாடி வந்தார். அவருக்கு 2024ஆம் ஆண்டு, 87ஆம் வயதில், பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. தற்போது கொங்கு மாவட்டங்களில் நடைபெறும் வள்ளிக் கும்மி நிகழ்ச்சிகளில் பெண்களும் சிறுமியரும் பெருந்தொகையினராகப் பங்கேற்கின்றனர்.

ஒப்பிடத்தக்க பிறநாட்டு மரபு

இங்கிலாந்தின் நாட்டுப்புற நடனத்திலும் ஆசிரியரும் இசைக் கலைஞரும் இணைந்தே பொதுமக்களை ஆடவைக்கின்றனர். அந்நடனங்களின் மெட்டுகளையும் அடிவைப்புகளையும் ஜான் பிளேஃபோர்டு 1651இல் நூலாக வெளியிட்டார். பிற்காலத்தில் வழக்கொழிந்த பல நடனங்களை இந்நூலைக் கொண்டு செசில் சார்ப் மீட்டார். 1911இல் இங்கிலாந்து நாட்டுப்புற நடனச் சங்கத்தையும் நிறுவினார். இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆசிரியர்களையும் இசைக் குழுவினரையும் வரவழைத்து வார இறுதி நடன முகாம்கள் நடத்தப்படுகின்றன. அங்கு ஆசிரியர் முதலில் இசையின்றி நடந்து காட்டச் செய்து, பின் வயலின், பியானோ முதலிய கருவிகளின் இசைக்கு ஆடச் செய்கிறார். ஆடுவோருக்கு நடனம் பழகியதும் அவர் குறிப்புச் சொல்வதை நிறுத்திவிடுகிறார். இசை மட்டுமே அவர்களை நடத்துகிறது.

கொங்குக் கும்மியில் ஆசிரியர் இறுதிவரை நிறுத்துவதில்லை. அவருடைய பாட்டே இசையாகவும் கதையாகவும் கட்டளையாகவும் இருக்கிறது. எனவே ஆசிரியர் இல்லாதபோது ஏற்படும் இழப்பு இங்கு மிகுதியாகும். பிளேஃபோர்டின் நூலைப் போல மெட்டையும் அடிவைப்பையும் சேர்த்துப் பதிவு செய்த ஏடு இருந்தால் மட்டுமே பிற்காலத்தவர் ஆட்டத்தை மீட்க இயலும்.

இன்றைய நிலை

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் அமைக்கப்பட்டது. வள்ளிக் கும்மி கற்போர் தொகை பெருகியுள்ள அதே வேளையில், பதிவு செய்யப்பட்ட இசைக்கு ஆடும் வழக்கமும் பரவியுள்ளது. பதிவிசையால் செலவு குறைகிறது. ஆயினும் களைத்தவருக்காக வேகத்தைக் குறைக்கவோ, தவறிய வரிசைக்காக ஓர் அடியைத் திருப்பிப் பாடவோ பதிவிசையால் இயலாது. முழவுக் கலைஞர்களின் வாய்ப்பும் இதனால் குறைகிறது. பாடல்களுடன் மெட்டு, தாளம், அடிவைப்பு ஆகியவற்றையும் ஒலி, ஒளிப் பதிவுகளாக ஆவணப்படுத்துவதும், புதிய ஆசிரியர்களைப் போலவே புதிய முழவுக் கலைஞர்களையும் உருவாக்குவதும் இக்கலை நிலைபெறுவதற்குத் தேவையானவை ஆகும்.

இவற்றையும் பார்க்க

ஒயிலாட்டம்
குரவைக் கூத்து
பறை (இசைக்கருவி)
சிந்துப் பாடல்
ராசிபுரம்