சாரம் கட்டுகிறவர் யார்?

கொத்தனார் வீடு கட்டும்பொழுது சவுக்குக் கழிகளால் சாரம் கட்டுகிறார். வேலை முடிந்ததும் பிரித்து எடுத்துப் போய்விடுகிறார். கிருகப்பிரவேசத்துக்கு வருகிறவர் கண்ணில் அது படுவதில்லை. வலைத்தளம் அமைப்பவர்களும் சாரம் என்று பொருள்படும் ‘ஸ்காஃபோல்ட்’ என்ற பதத்தை வழங்குகிறார்கள். ஆனால் அவர்களுடைய சாரம் பிரிக்கப்படுவதில்லை. அதுவே சுவராகவும் வாசலாகவும், ஏன், பூட்டாகவுமே நின்றுவிடுகிறது. ஆகவே அதைக் கட்டியவர் யார், எப்படிக் கட்டினார் என்று விசாரிப்பது அவசியமாகிறது.

2004-ம் வருஷத்தில் டென்மார்க் தேசத்தவரான டேவிட் ஹைனமையர் ஹான்சன் ‘ரூபி ஆன் ரெயில்ஸ்’ என்ற சாதனத்தை உலகுக்கு அளித்தார். கணினியின் கட்டளை வரியில் ‘ரெயில்ஸ் ஜெனரேட் ஸ்காஃபோல்ட்’ என்று எழுதி, உறுப்பினர், பெயர், ஊர் என்று நமக்கு வேண்டியவற்றைச் சேர்த்துப் பொத்தானை அழுத்தினால் போதும். பதிவேட்டுக்குரிய அட்டவணை, சேர்க்கவும் திருத்தவும் நீக்கவும் வேண்டிய நிரல், படிவங்கள், பரீட்சைக் கோப்புகள் யாவும் சில விநாடிகளில் எழுதப்பட்டுவிடும். 2005-ல் ஹான்சன் பதினைந்தே நிமிஷத்தில் ஒரு வலைப்பதிவைக் கட்டிக் காட்டியபோது நிரலாளர்கள் வியந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்நாளில் அச்சாரம் எழுதிக் கொடுத்த நிரலில் ஓர் ஓட்டை இருந்தது. படிவத்திலிருந்து வருவது எதுவாயினும் அதை அப்படியே பதிவேட்டில் ஏற்றிவிடும். ஒரு சங்கத்தின் குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். விண்ணப்பத்தில் கேட்டது பெயரும் ஊரும்தான். ஒருவன் கீழே தானாகவே ‘நானே காரியதரிசி’ என்று எழுதித் தருகிறான். குமாஸ்தா அதையும் பதிந்துகொள்கிறார்! இதைத் தடுக்க வழி இல்லாமலில்லை. ஆனால் அந்தத் தடையை ஒவ்வொரு நிரலாளரும் தாமே நினைவு வைத்து எழுத வேண்டியிருந்தது. கைக்கு எளிதாகக் கிடைத்ததை அப்படியே எடுத்துக்கொண்டவர் எத்தனை பேர் அதை நினைத்திருப்பார்கள்?

2012 மார்ச்சில் ரஷ்ய இளைஞர் ஒருவர் இதை ரெயில்ஸ் நிர்வாகிகளுக்கு எடுத்துக் கூறினார். அது நிரலாளரின் பொறுப்பு என்ற பதிலே கிடைத்தது. உடனே அவர், ரெயில்ஸைக் கொண்டே கட்டப்பட்டிருந்த கிட்ஹப் தளத்தில் அந்த ஓட்டை வழியே நுழைந்து, ரெயில்ஸின் மூல நிரல் இருந்த அறைக்கே தம் சாவியைப் பொருத்திக்கொண்டார். அங்கே ஒரு மாற்றத்தையும் பதித்துக் காட்டினார். கிட்ஹப் முதலில் அவருடைய கணக்கை நிறுத்தி வைத்துப் பின்னர் திருப்பித் தந்தது.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. அம்மாதமே வெளிவந்த 3.2.3 பதிப்பு, புதிதாகத் தொடங்கும் தளங்களில் தடையை இயல்பாகவே வைத்தது. 2013-ல் வந்த 4.0 பதிப்பில், அனுமதிக்கப்பட்டவை இவை என்று பெயர் சொல்லும் வரியைச் சாரமே எழுதிக் கொடுத்தது. அச்சில் சிலர் செய்த திருத்தம், அதன்பின் எழுந்த எண்ணற்ற தளங்களின் பூட்டை மாற்றிவிட்டது. அதற்கு முன் எழுந்தவை இதனால் தாமாகத் திருந்திவிடவில்லை. அச்சை வைத்திருப்பவர் கையில் எவ்வளவு பெரிய அதிகாரம் இருக்கிறது! ரெயில்ஸின் மூலம் யாரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது என்பது ஒரு நற்குணம். ஆனால் திறந்த புஸ்தகமும் படிப்பவருக்குத்தானே பயன்படும்?

சாரத்தை விலக்கி, யாவற்றையும் கையால் எழுத வேண்டுமென்று நாம் வாதிக்கவில்லை. கையால் எழுதிய பூட்டு அதைவிட மோசமாக இருக்கக்கூடும். இப்போது சாதாரண வாக்கியம் ஒன்றைச் சொன்னாலே செயற்கை அறிவு நிரல் எழுதித் தருகிறது. சாரமோ ஒரே பதிப்பில் ஒரே கட்டளைக்கு ஒரே நிரலைத் தரும். ஆதலால் ஒரு முறை கருத்தாகப் படித்தவருக்கு மறுமுறை வேலை குறைவு. செயற்கை அறிவு அதே கேள்விக்கு இன்று ஒன்றும் நாளை வேறொன்றும் எழுதக்கூடும். அங்கே ஒவ்வொரு முறையும் படித்தாக வேண்டும்.

ரெயில்ஸ் கட்டளையின் முடிவில் ‘பிரிடெண்ட்’ என்ற குறிப்பைச் சேர்த்தால், எந்தெந்தக் கோப்புகள் உண்டாகும் என்பதை எதையும் எழுதாமலே பட்டியலிட்டுக் காட்டும். பட்டியலைப் பார்த்துவிட்டுப் பிறகு உண்மையாகவே எழுதச் சொல்லலாம். முதலில் திறக்க வேண்டியது ‘கன்ட்ரோலர்’ கோப்பு. அனுமதிக்கப்பட்டவற்றின் பெயர்கள் அதன் கடைசியில் இருக்கும்.