42 ஆண்டுகள் மறைந்திருந்த மஞ்சள் பிராணி!

நுரையீரலும் இல்லை, செவுளும் இல்லை, ஆனாலும் சுவாசிக்கிறது! மத்திய அமெரிக்காவிலுள்ள குவாதமாலா நாட்டின் குச்சுமத்தானெஸ் மலைக்காடுகளில் வாழும் ஜாக்ஸன் சாலமாண்டர்தான் அந்த விந்தைப் பிராணி. பார்வைக்குப் பல்லி, இனத்தால் தவளைக்கு உறவு. மஞ்சள் மேனி, முதுகில் கரிய பட்டை. ஈரத் தோலே அதற்கு மூச்சு. காட்டை வெட்டி ஈரம் வற்றினால் உயிர் ஏது?

1975-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு தேடியும் அகப்படவில்லை. பூண்டற்றுப் போயிற்றோ என்று அஞ்சினார்கள். ஆயினும் 2015-ல் அங்கே நிலம் வாங்கி நீர்நில வாழ்வனவற்றுக்குக் காப்பகம் அமைத்தார்கள். 2017 அக்டோபரில், காவலர் ஒருவர் கண்ணில் பட்டது ஒரு சாலமாண்டர் குட்டி!

ஆபத்து நீங்கிவிடவில்லை, வெளியே கோடரி ஓயவில்லை. ஆனாலும், பிராணியைக் காணாமலே காட்டைக் காத்தார்கள். காடு பிராணியைக் காட்டிக் கொடுத்தது!