பதவி: குழந்தை

1794 ஜூன் 1. அட்லாண்டிக் கடலில் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கடற்படைகள் மோதிக்கொண்டன. அந்தச் சண்டையின்போது 'ட்ரெமண்டஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனது. பையனுக்குக் கப்பலின் பெயரையும் சேர்த்து டேனியல் ட்ரெமண்டஸ் மெக்கன்சி என்று பெயர் வைத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து அந்தச் சண்டைக்கான பதக்கம் அவருக்கும் கிடைத்தது. பதிவேட்டில் பதவி என்ற இடத்தில் 'குழந்தை' என்று எழுதியிருக்கிறது.

பதக்கம் வர ஏன் ஐம்பது வருடம்? அந்தக் காலத்துக் கடற்போர்களுக்கு அரசு கொடுத்த தங்கப் பதக்கம் தளபதிகளோடும் கேப்டன்களோடும் நின்றுபோனது. பீரங்கிக்கு மருந்து கெட்டித்தவனுக்கு ஒன்றுமில்லை. 1798 நைல் போருக்குப் பிறகு கடற்படைத் தளபதி நெல்சனின் நண்பர் அலெக்சாண்டர் டேவிசன் கைக்காசைப் போட்டு மாலுமிகளுக்கும் பதக்கம் அடித்துக் கொடுத்தார். டிராஃபல்கர் கடற்போருக்குப் பிறகு பர்மிங்காம் ஆலை முதலாளி மேத்யூ போல்டன் அப்படியே செய்தார். அரசு செய்யவேண்டியதைத் தனிமனிதர்கள் செய்தார்கள். 1815 வாட்டர்லூ தரைப்போருக்கோ சாதாரண சிப்பாய்வரை வெள்ளிப் பதக்கம்! கடற்படைக் கிழவர்களுக்கு வயிறு எரிந்திருக்காதா?

கடற்படையினர் எல்லோருக்கும் பதக்கம் தர 1847-இல்தான் விக்டோரியா அரசி ஒப்புதல் தந்தார். ஒரு பக்கம் அரசியின் தலை, மறுபக்கம் கடற்குதிரைமேல் அமர்ந்த பிரிட்டானியா என்ற பிரிட்டனின் பெண்ணுருவம். வெள்ளை ரிப்பன், இருபுறமும் நீலக் கரை. எந்தச் சண்டையில் இருந்தார் என்பதைச் சொல்லும் வெள்ளிப் பட்டைகளை ரிப்பனில் கோர்ப்பார்கள். இப்படிச் சுமார் 230 பட்டைகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று பண்டா நெய்ரா. 1810-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த ஜாதிக்காய்த் தீவு அது.

நிபந்தனைதான் கொடுமை: உயிரோடு இருக்க வேண்டும், தானே விண்ணப்பிக்க வேண்டும். டிராஃபல்கரில் பிரிட்டன் பக்கம் நின்றவர்கள் 17,000 பேருக்கு மேல். அந்தப் பட்டையை வாங்கியவர்கள் அதில் பத்தில் ஒரு பங்குதான். சில பட்டைகளைக் கேட்டு ஒருவர்கூட வரவில்லை.

பெண்களும் கேட்டார்கள். நைல் போரில் இருந்த ஆன் ஹாப்பிங், மேரி ஆன் ரைலி. டிராஃபல்கரில் 'டிஃபையன்ஸ்' கப்பலில் இருந்த ஜேன் டவுன்ஷெண்ட். சண்டையில் வெடிமருந்து சுமந்ததும் அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போட்டதும் இப்படிப்பட்ட பெண்கள்தான். டவுன்ஷெண்டுக்குக் கொடுக்கலாம் என்று முதலில் தலையாட்டிய அதிகாரிகள் பிறகு பின்வாங்கினார்கள். அவர்கள் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: கப்பல்களில் இதேபோல் உழைத்த பெண்கள் நிறையப் பேராம், இவர்களுக்குக் கொடுத்தால் தரைப்படையிலும் எண்ணற்ற பெண்கள் கேட்டு வருவார்களாம். உழைத்தார்கள் என்று ஒப்புக்கொண்டு அதையே மறுப்பதற்குக் காரணமாக்கிய சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல!

'குழந்தை' மெக்கன்சிக்குப் பதக்கம் கிடைத்தது. ஏறத்தாழ 21,000 பேர் கொண்ட அந்தப் பட்டியலில் பதக்கம் பெற்ற பெண் ஒருவர்கூட இல்லை.