சிமெண்டுச் சூளையின் உட்கவசம்

அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளிற் பல, பூர்வத்தில் கடல் பரந்திருந்த நிலங்களாம். அக்கடலிற் படிந்திறுகிய சுண்ணாம்புக்கல்லே இன்று அரியலூர், கோவிந்தபுரம், ரெட்டிபாளையம், தளவாய் முதலிய இடங்களிலுள்ள சிமெண்டு ஆலைகளுக்கு ஆதாரமாய் விளங்குகின்றது. அக்கல்லையும் களிமண் முதலியவற்றையும் அரைத்துச் சூளையிலிட்டுச் சுட்டால், கிளிங்கர் என்னும் கட்டிகள் உண்டாகும். கல்லையே உருமாற்றும் அவ்வனலில் சூளைமட்டும் அழியாது நிற்பது எங்ஙனம்? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இச்சூளையாவது, சற்றே சாய்வாகக் கிடந்து மெல்லச் சுழலும் நீண்ட எஃகுக் குழாய். உள்ளே கிளிங்கர் ஏறத்தாழ 1450 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும். சுவாலையின் உஷ்ணமோ 2000 டிகிரியை எட்டும். எஃகோ 500 டிகிரியைக் கடக்குமுன்னரே தளரத் தொடங்கும். இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது ஏறக்குறைய ஒரு சாண் கனமுள்ள தீச்செங்கற் கவசமேயாம்.

இக்கவசத்திற்குப் பகைகள் பல. உருகிய கிளிங்கர் அதனை அரிக்கும். சோடா, பொட்டாசு உப்புகளின் ஆவி துளைகளிற் புகுந்து வெடிக்கச் செய்யும். குழாயின் நெளிவு நெருக்கும். சூளையை நிறுத்தித் திரும்ப மூட்டுங்கால் உண்டாகும் திடீர் மாறுதல் பிளக்கும். ஆதலின் அனல் மிக்க பகுதியில் மக்னீசியச் செங்கல்லே பதிக்கப்படுகின்றது. அதற்குரிய மாக்னசைட்டுக் கல் நமது சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டிற் கிடைப்பது. முன்னாளில் இச்செங்கல்லிற் குரோமியம் சேர்ப்பதுண்டு. சூளையில் அது நீரிற் கரையும் நஞ்சாக மாறுதல் கண்டு, பெரும்பாலும் அதனை விலக்கி, அலுமினா கலந்த ஸ்பினல் வகையைக் கொண்டனர். செங்கல்லின்மீது கிளிங்கரே தோல்போற் படிந்து அதனைக் காப்பதும் வியப்பேயாம்.

இனி, கவசம் இலேசாயிருத்தல் வேண்டுவது ஏன்? பாரம் குறைந்தால் சூளையைத் தாங்கும் உருளைகள் இளைப்பாறும். துளைகளில் அடைபட்ட காற்று உஷ்ணத்தை எளிதிற் கடத்தாதாகையால் எரிபொருளும் மிஞ்சும். ஆயின் அத்துளைகளே வலிமையைக் குறைத்து, உப்பாவிக்கும் வழிதிறக்கும். இதுவே சிக்கல்.

அசையாத முன்சூடேற்றுங் கோபுரத்தில் இதனைத் தீர்த்தல் எளிது: உள்ளே உறுதியான காரை, அதன் பின்னே இலேசான கால்சியம் சிலிகேட்டுப் பலகை என ஈரடுக்கு அமைக்கின்றனர். சுழலும் குழாயிலோ ஈரடுக்கு ஒன்றோடொன்று உராய்ந்து நெகிழும். எனவே கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகளையுடைய ஒரே செங்கல்லை ஆக்க முயலுகின்றனர்.

பண்டைத் தென்னாட்டில் எஃகு உருக்கினோர் மூசைக் களிமண்ணில் நெல்லுமி கலந்ததை நாம் நினைவுகூர்வோமாக. உமிச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்காவாதலின், இன்றும் உஷ்ணங்காக்கும் பொருள்களுக்கு அது பயன்படுகின்றது. எனினும் சிலிக்கா கடுஞ்சூட்டில் சுண்ணாம்போடு கூடி உருகுமாதலால், கிளிங்கர் தீண்டும் முகப்பிற்கு ஆகாது, பின்னடுக்கிற்கே ஏற்றது.

ஒரு செங்கல் உதிரினும் எஃகு அவ்விடத்தே செந்நிறங் காட்டும், சூளை நிறுத்தப்படும், அது ஆறியபின் தொழிலாளர் உள்ளே புகுந்து பழங்கவசத்தை இடித்தெடுப்பர். நெடுநாள் நிலைக்கும் இலேசான கவசம், எரிபொருளை மட்டுமன்றி அவர்தம் இடர்ப்பாட்டையும் குறைக்குமன்றோ? இரசாயனம் பயிலும் நம் மாணவர் இதிற் கருத்தூன்றுவாராக.