உங்களுக்குத் தெரியுமா? ஒரு போர்க்கப்பலின் மூச்சு பெங்களூருவில்!

கடலே இல்லாத பெங்களூருவில்தான் ஐ.என்.எஸ். விக்ராந்தின் எஞ்சின்கள் தயாராயின!

• கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டம்பர் 2-ல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்தை ஓட்டுபவை நான்கு எல்.எம்.2500 எரிவாயுச் சுழலிகள். மொத்தம் 88 மெகாவாட். அமெரிக்க ஜி.இ. நிறுவனத்தின் வடிவமைப்பு, கப்பலுக்காகப் பூட்டித் தந்தது பெங்களூருவின் எச்.ஏ.எல். நிறுவனம். இவை பயணிகள் விமான எஞ்சினிலிருந்து பிறந்தவை. 262 மீட்டர் நீளக் கப்பலை விமான எஞ்சினின் வாரிசு தள்ளுகிறது!

• கார்வாரைத் தளமாகக் கொண்ட, இந்தியாவின் மற்றொரு விமானந்தாங்கியான விக்ரமாதித்யாவுக்கு எட்டு கொதிகலன்கள். நீராவியில்தான் ஓட்டம்.

• அணு உலையில் ஓடும் விமானந்தாங்கிகள் இன்று இரண்டே நாடுகளிடம்: அமெரிக்கா, பிரான்ஸ். பிரிட்டனின் குயின் எலிசபெத்தில் சுழலியும் டீசல் எஞ்சினும் மின்சாரம் தயாரிக்க, மோட்டார்கள் உந்துவிசிறிகளைச் சுழற்றுகின்றன.

• விக்ராந்த் என்ற பெயர் மட்டும் பழையது. 1961-ல் வந்த முதல் விக்ராந்தும் நீராவிக் கப்பலே. 1971 போருக்குப் புறப்படும் முன்பே அதன் கொதிகலனில் விரிசல். வேகம் குறைந்தது, ஆனாலும் வங்கக் கடலுக்குப் போனது, அதன் விமானங்கள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கின. அந்த மாலுமிகளின் துணிச்சலுக்கு எந்தப் பாராட்டும் தகும்.

• புதிய விக்ராந்தின் உச்ச வேகம் 28 நாட். மணிக்குச் சுமார் 52 கிலோமீட்டர்.