உடம்பெல்லாம் வலியா? தைராய்டையும் பாருங்கள்



"நாத்து நடுற உடம்பு, வலிக்காம இருக்குமா?" என்று நாம் வலியை ஒதுக்கிவிடுகிறோம். வேலை செய்த வலி தூங்கி எழுந்தால் குறையும். மூன்று மாதமாகியும் தோள், முதுகு, இடுப்பு, கை, கால் என்று உடம்பு முழுவதும் வலி விடவில்லை, எழுந்திருக்கும்போதே அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது என்றால், அதை வேலை வலி என்று விட்டுவிடாதீர்கள்.

வீடு வீடாகப் போகையில் நான் அதிகம் கேட்பது, "புள்ள பொறந்து ஆபரேஷன் பண்ணினதிலேருந்துதாங்க இந்த வலி" என்ற பேச்சைத்தான். தையல் போட்ட இடத்தில் வலி, வீக்கம், காய்ச்சல் என்றால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பு முழுவதும் வலி என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பிரசவமாகி ஓராண்டுக்குள் சில பெண்களுக்குத் தைராய்டு சுரப்பி மந்தமாகிவிடுகிறது. சிலருக்குத் தானே சரியாகும், சிலருக்கு நிலைத்துவிடும். பிரசவமும் ஆபரேஷனும் அடுத்தடுத்து நடப்பதால் பழி ஆபரேஷன் மேல் விழுகிறது.

தைராய்டு, கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி போல இருக்கும் சிறு சுரப்பி. விறகு குறைந்தால் உலை கொதிக்க நேரமாகிறதல்லவா? அதுபோல இந்தச் சுரப்பு குறைந்தால் உடம்பின் வேலையெல்லாம் மந்தமாகும். தசைவலி, களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முடி கொட்டுதல், மாதவிலக்கில் அதிகப் போக்கு, கர்ப்பம் தரிக்கத் தாமதம் எல்லாம் வரலாம். ஆண்களுக்கும் உண்டு, பெண்களுக்கே அதிகம்.

இதே வலியும் களைப்பும் கொண்ட இன்னொரு நோய் ஃபைப்ரோமயால்ஜியா. வலியை உணரும் நரம்புகள் மிகவும் கூர்மையாகிவிடுவதால் வருவது. இரத்தப் பரிசோதனையிலோ எக்ஸ்ரேயிலோ தெரியாது. அதனால் அது பொய் வலி ஆகிவிடாது. இரண்டும் ஒருவருக்கே இருப்பதுண்டு. ஒன்றுதான் மற்றதை உண்டாக்குகிறது என்பது நிரூபணமாகவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரியிடம், "சத்துக் குறைவும்மா" என்று இரும்புச்சத்து மாத்திரையையே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் தைராய்டு. அத்தனை நாளும் வீட்டில் அவருக்குச் சோம்பேறிப் பட்டம். அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு.

ஆகவே முதலில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லி, டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்குங்கள். தைராய்டு குறைவென்றால் அவர் தரும் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும் விழுங்குங்கள். காபி, டீ அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் செவிலியரிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

பரிசோதனை சரியாக இருந்தால் தைராய்டு மாத்திரை வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தாலும் வேண்டாம். தேவையில்லாமல் தின்றால் இதயத்தையும் எலும்பையும் கெடுக்கும். ஃபைப்ரோமயால்ஜியா என்று டாக்டர் சொன்னால், தினமும் கொஞ்சம் நடந்து மெல்ல மெல்லக் கூட்டுவதும், நேரத்தோடு தூங்குவதும்தான் பெரிய மருந்து. வலி ஊசிக்கு ஓடாதீர்கள்.

கணவர்மாரே, பரிசோதனைக்குப் போகும் நாளில் கூடப் போங்கள். வலி எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்பார். அம்மா கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுவதை நீங்கள் சொல்லலாம்.