"சித்தி, இன்னிக்கு பிளான் என்னோடது!" - 7 வயது சுட்டியுடன் சென்னையில் ஒரு நாள்

"ஷ்ஷ்... தம்பி தூங்கறான், சத்தம் போடாதே!"

கடந்த ஒன்றரை மாதமாக எங்கள் வீட்டில் அதிகம் கேட்கும் வசனம் இதுதான். இரண்டாவது பிரசவத்துக்காக அக்கா வடபழனியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் நேராகத் தொட்டிலுக்குப் போகிறார்கள். மூத்தவளோ சோபா மூலையில் அம்மாவின் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"முன்னாடியெல்லாம் ராத்திரி என்கிட்ட கதை சொல்லிட்டுதான் தூங்குவா. இப்ப பேசறதே இல்லைடி. ஒருநாள் எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயேன்" என்றாள் அக்கா. கண் கலங்கியிருந்தது.

கோடை விடுமுறை. எனக்குச் சனிக்கிழமை வாரவிடுமுறை. கிளம்பிவிட்டோம்!

போன வருஷம் சொதப்பிய கதை

இது எங்களுக்கு முதல் முறை இல்லை. போன வருஷமும் ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் வண்டலூர், மதியம் பிர்லா கோளரங்கம், சாயங்காலம் ஒரு மால், இரவு மெரினா. எல்லாமே நான் போட்ட பட்டியல். வீடு திரும்பியதும் பாட்டி ஆசையாக, "என்னம்மா பார்த்தே?" என்று கேட்டார். அவள் சொன்ன ஒரே பதில், "பஸ்ஸு!"

அதனால் இந்த முறை இரண்டே இடம் என்று முடிவு செய்தேன். அதையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும். ஆனால், "எங்க போகலாம்?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் குழந்தைகள் திணறிவிடுவார்கள். எழும்பூர் அருங்காட்சியகம், கிண்டி சிறுவர் பூங்கா, கோளரங்கம் என மூன்றை மட்டும் சொன்னேன். "டைனோசர் பொம்மை இருக்கிற இடம்" என்று அருங்காட்சியகத்தை டிக் செய்தாள். இரண்டாவது இடத்துக்கு யோசிக்கவே இல்லை. "பீச்!"

12 மணிக்குத்தான் கிளம்பினோம்

வெளியே போவதென்றால் காலையிலேயே கிளம்ப வேண்டும் என்று நினைப்போம். கோடையில் அப்படிக் கிளம்பினால் மதிய வெயிலில் தெருவில் மாட்டிக்கொள்வோம். நாங்கள் வீட்டிலேயே சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு 12 மணிக்கு மெட்ரோ ஏறினோம். உச்சி வெயில் நேரம் அருங்காட்சியகக் கூரைக்குக் கீழே, வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரை. இதுதான் கணக்கு.

வடபழனியிலிருந்து எழும்பூருக்கு ஒரே ரயில். கோயம்பேடு வரை மேம்பாலத்தில் போகும் ரயில், திருமங்கலம் வருவதற்குள் சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். ஜன்னலில் வானம் காணாமல் போய் தன் முகம் தெரிந்ததும், "சித்தி, பூமிக்குள்ள வந்துட்டோமா?" என்று கண்ணை விரித்தாள். சுற்றிப் பார்ப்பது அங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

திமிங்கலத்துக்கு எத்தனை அடி?

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கப்பட்டது. பெரியவர்கள் பலரும் இங்கே வருவது வெண்கலச் சிலைகளுக்காக. நானும் அவளை அங்கேதான் முதலில் இழுத்தேன். திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னால் நின்று ஒரு பக்கம், மறுபக்கம் என மாறி மாறிப் பார்த்தாள். "பாதி அப்பா, பாதி அம்மா. அப்ப ஒரே ஆள்கிட்ட ரெண்டு பேரும் இருக்காங்க!" என்றாள். சோழர் காலச் சிற்பிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்திருக்காது.

ஆனால், அவளைக் கட்டிப்போட்டது திமிங்கலத்தின் எலும்புக்கூடுதான். தலையிலிருந்து வால் வரை கால் அடி வைத்து அளந்தாள். கணக்குத் தப்பியதும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அமராவதி சிற்பங்களை நிதானமாகப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால், அவள் "போதும் சித்தி" என்றதும் கிளம்பிவிட்டோம். அது எங்கேயும் போய்விடாது.

200 ரூபாய் நிதியமைச்சர்

கிளம்பும்போதே அவள் கையில் 200 ரூபாய் கொடுத்திருந்தேன். டிக்கெட், டிபன் என் செலவு. மற்றதெல்லாம் அவள் பொறுப்பு. கேட்டதெல்லாம் வாங்கித்தர வேண்டுமே என்ற பயம் எனக்கு இல்லை. "வேணாம்" என்ற வார்த்தையைக் கேட்க வேண்டிய கஷ்டம் அவளுக்கும் இல்லை. டிபனுக்குக் கோன் வடிவ நெய் ரோஸ்ட்டை சர்வரிடம் அவளே ஆர்டர் செய்தாள்.

மெரினாவுக்கு மாநகரப் பேருந்து. மகளிருக்குக் கட்டணமில்லாத, முன்பக்கம் பிங்க் நிறம் அடித்த பேருந்துகளை வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தாள். அண்ணா சதுக்கத்தில் இறங்கினோம். பலூன் சுட்டாள். ராட்டினம் ஏறினாள். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் வாங்கினாள்.

அலையில் கால் நனைத்தபோது சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "சித்தி, இங்க தம்பி இல்லையே... கத்தலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. "கத்து" என்றேன். கடலைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற குடும்பமே திரும்பிப் பார்த்தது.

அதன்பிறகுதான் பேச்சு வந்தது. "அம்மாவுக்குத் தம்பியத்தான் ரொம்பப் பிடிக்குமா?" என்றாள். 'அப்படியெல்லாம் இல்லடா' என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால், கேள்வி எனக்கானது இல்லையே. "இதை அம்மாகிட்டயே கேட்போமா?" என்றேன். தலையாட்டினாள்.

மீதியிருந்த பணத்தில் ஒரு காற்றாடி வாங்கினாள். தம்பிக்காம்!

கிளம்பும் முன் கவனிக்க...

* விடுமுறை நாளைப் பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி, கிண்டி சிறுவர் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை.

* குழந்தையின் பாக்கெட்டில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். தொலைந்துபோனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசர உதவிக்கு 112.

* தண்ணீர் பாட்டில், தொப்பி, ஒரு செட் மாற்றுத்துணி அவசியம். பார்க்கும் இடத்திலிருந்து கிளம்பும் முன் கழிவறைக்கு அழைத்துச் சென்றுவிடுங்கள்.

* மெரினாவில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலையின் இழுப்பு அதிகம். பிடித்த கையை விடாதீர்கள்.

* போட்டோ எடுங்கள். ஆனால், போன் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

அன்று இரவு தம்பியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு அக்கா அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். கதவு மூடியிருந்தது. கேள்வியைக் கேட்டாளா, என்ன பதில் வந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. திமிங்கலம், சுரங்க ரயில், கோன் தோசை என்று கதை மட்டும் 11 மணி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஹாலில் நான் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன். தொட்டிலில் காற்றாடியைக் கட்டிக்கொண்டிருந்தவள் திரும்பி, வாயில் விரல் வைத்தாள்.

"ஷ்ஷ்... சித்தி, தம்பி தூங்கறான்!"